முதல் பெஞ்ச் குடும்பம்

பேத்தி கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள் என்ற செய்தி காதில் விழுந்தபோது பெரியவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பரை மடித்தார். மடித்ததை இன்னொரு முறை மடித்தார். அவர் பேப்பரை இரண்டாவது தடவை மடித்தால் யாருக்கோ கெட்ட நேரம் என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

"எந்த பெஞ்ச்னு சொன்னே?"

"கடைசி பெஞ்ச் தாத்தா. ஜன்னல் பக்கம். காத்து சும்மா பிச்சுக்கும்" என்றாள் பேத்தி, ஷூவை உதறிக்கொண்டே.

யார் அவளை அங்கே தள்ளியது என்று விசாரித்தார். யாரும் தள்ளவில்லை, அவளாகத்தான் கேட்டுப் போனாளாம். வகுப்பில் புதிதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள். சக்கர நாற்காலியில் வருகிறவள். நாற்காலி பின்வாசல் வழியாகத்தான் சுலபமாக நுழையும், பின்வரிசையில்தான் அதைத் திருப்ப இடமும் உண்டு. யார் அவள் பக்கத்தில் உட்காரலாம், யார் நாற்காலியைத் தள்ளலாம் என்பதையெல்லாம் அந்தப் பெண்ணே முடிவு செய்கிறாள். அதனால் அவளுக்குப் பெயர் கேப்டன். கேப்டன் பக்கத்து இடத்துக்குப் போட்டியோ போட்டி. பேத்தி ஜெயித்துவிட்டாள்.

பெரியவருக்கு ஜெயித்தது காதில் ஏறவில்லை. கடைசி பெஞ்ச் மட்டும்தான் ஏறியது.

அதற்குக் காரணம் உண்டு. அவருடைய அப்பா படித்த காலம் முழுக்க முதல் பெஞ்ச். அவரும் முதல் பெஞ்ச். வெளியூரில் வேலை பார்க்கும் அவருடைய மகனும் முதல் பெஞ்ச். படிப்பிலும் முதலா என்று கேட்டால் அது வேறு கேள்வி. அந்தக் கேள்வியை அந்த வீட்டில் யாரும் கேட்பதில்லை.

பெரியவர் பள்ளியில் சேர்ந்த புதிதில், ஒரு நாள் ஆசிரியர் அவர் தோளில் கை போட்டு அழைத்துப்போய்ப் பலகைக்கு நேர் எதிரே உட்கார வைத்தார். "இனிமே இதுதாம்ப்பா உன் இடம்" என்றார். அந்தக் குரல் இன்னும் அவர் காதில் இருந்தது. சாக்பீஸ் தூள் மடியில் உதிரும் இடம் அது. ஆசிரியர் எழுதும்போது சட்டைக் கையில் படிந்த வெள்ளைகூடத் தெரியும். ஒவ்வொரு எழுத்தும் முத்து. சுழி சுழியாக, கொம்பு கொம்பாக, இப்போது நினைத்தாலும் கண்ணுக்குள் நிற்கிறது. மற்ற பையன்கள் மார்க்கைப் பொறுத்து முன்னே வருவார்கள், பின்னே போவார்கள். அவர் கணக்கில் வாங்கிய மார்க்குக்கு வகுப்புக்கு வெளியே பெஞ்ச் போட்டிருக்க வேண்டும். ஆனாலும் ஆண்டுக்கு ஆண்டு, ஆசிரியருக்கு ஆசிரியர், அந்த இடம் மட்டும் மாறவே இல்லை. அது குடும்பத்தைப் பார்த்துக் கொடுத்த மரியாதை. வேறென்னவாக இருக்க முடியும்?

அந்த மரியாதைக்கு ஏற்ற நடைதான் அவர்களுடையது. அந்தக் குடும்பத்து ஆண்கள் தெருவில் எதிரே வருகிறவரைப் பார்த்து முதலில் சிரிக்க மாட்டார்கள். தலை நிமிர்ந்து, நேரே பார்த்து நடப்பார்கள். பக்கத்தில் வந்து வணக்கம் சொன்னால் பதில் வணக்கம் உண்டு. அப்பாவும் அப்படியே நடந்தார். தலைக்கனம் என்று சிலர் சொன்னார்கள். சொல்லட்டும்.

அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தி ஓய்வு பெற்றவர் பெரியவர். எவ்வளவு பொடி எழுத்திலும் ஒற்றுப் பிழை அவரிடமிருந்து தப்பாது. இந்த வயதிலும் கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்கிறார் என்பதை வீட்டுக்கு வருகிறவர்கள் காபி குடித்து முடிப்பதற்குள் தெரிந்துகொள்வார்கள். மகன் மட்டும் சிறு வயதிலேயே தடித்த கண்ணாடி போட்டுவிட்டான். அது அவன் தாய்வழியில் வந்த கோளாறு என்பது பெரியவரின் தீர்ப்பு. மனைவி உயிரோடு இருந்தவரை அந்தத் தீர்ப்பை ஒப்புக்கொள்ளவில்லை. இப்போது மேல்முறையீடு செய்ய ஆளில்லை.

மறுநாள் காலை, சட்டையின் கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு பெரியவர் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினார். மருமகளிடம் சொல்லவில்லை. அவள் வேலைக்குப் போகும் அவசரத்தில் இருந்தாள். இது ஆண்கள் முடித்துவிட்டு வர வேண்டிய காரியம் என்றும் அவருக்கு ஓர் எண்ணம்.

பள்ளிக்கூடம் மாறிப்போயிருந்தது. படிக்கட்டுக்குப் பக்கத்தில் சறுக்குப் பாதை. கதவுகளில் எழுத்தோடு படமும் ஒட்டியிருந்தார்கள். பிள்ளைகள் மைதானத்துக்குப் போயிருக்க, வகுப்பறையில் ஆசிரியை மட்டும் இருந்தார். சின்னப் பெண். எழுந்து நின்று நாற்காலி போட்டார். அந்த மரியாதை பெரியவருக்குப் பிடித்தது. அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் பிடிக்கவில்லை.

இந்தப் பள்ளியில் எல்லா விதமான குழந்தைகளும் ஒரே வகுப்பில்தான் படிக்கிறார்கள், ஒருவருக்கொருவர் துணையாக இருப்பதும் பாடத்தில் சேர்ந்தது, வாரக் கடைசியில் வகுப்பே வெளியே போய் ஏதாவது சேவை செய்துவிட்டு வருகிறது என்றெல்லாம் ஆசிரியை பொறுமையாக விளக்கினார். பெரியவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, எங்கள் வீட்டுப் பிள்ளைகள் முதல் பெஞ்சில்தான் உட்காருவது வழக்கம் என்றார், ரயிலில் முன்பதிவு செய்தவர் மாதிரி.

"முதல் பெஞ்ச் பரிசு இல்லைங்க ஐயா" என்றார் ஆசிரியை. "அது தேவைப்படறவங்களுக்கு. காது கொஞ்சம் மந்தமா இருக்கறவங்க, ஒரு இடத்துல நிலையா உக்கார முடியாதவங்க, அந்த மாதிரி. மத்தவங்க எங்க வேணா உக்காரலாம்."

பெரியவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தலைமுறை தலைமுறையாகக் கட்டிக்காத்த சிம்மாசனத்தைத் திண்டாடுகிறவர்களுக்கு என்று ஒதுக்கிவிட்டார்களே. எழுந்து பின்வரிசைக்குப் போய், பேத்தியின் இடத்தில் கஷ்டப்பட்டுக் காலை மடக்கி உட்கார்ந்தார். எதிரே பார்த்தார். பலகையில் ஏதோ வெள்ளை வெள்ளையாக இழுத்து வைத்திருந்தது. கோழி கிளறினதுபோல என்றுகூடச் சொல்ல முடியாது. கோழி கிளறினால் அடையாளமாவது தெரியும். இந்தக் காலத்து ஆசிரியர்களின் கையெழுத்தை நினைத்து அவர் மனம் கசந்தது. ஆனால் ஒரு பெண்பிள்ளையை முகத்துக்கு நேரே குறை சொல்லும் பழக்கம் அவர் வீட்டில் இல்லை.

"இங்கேருந்து பாத்தா ஒண்ணும் தெரியலையேம்மா" என்று மட்டும் சொன்னார்.

ஆசிரியையின் முகம் மாறியது. அருகில் வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, குழந்தை அப்படிச் சொன்னாளா, அவளுக்குக் கண்ணில் ஏதாவது சிரமம் இருக்கிறதா என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். இல்லைதான். அந்தப் பெண் ரோட்டில் போகும் பஸ்ஸின் எண்ணை மாடியிலிருந்து படிப்பாள். ஆனால் முதல் பெஞ்ச் ஒரு வார்த்தை தூரத்தில் இருந்தது. பெரியவர் பொய் சொல்லவில்லை. பொய் சொல்கிற குடும்பம் இல்லை அது.

"இருக்கலாம்" என்றார்.

பெஞ்சைக் காப்பாற்றக் கண்ணை விட்டுக்கொடுத்தாயிற்று. குழந்தையின் அம்மாவிடம் பேசட்டுமா என்று ஆசிரியை கேட்டதற்கு, நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன் என்றார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதை எப்படிச் சொல்வது என்று யோசித்தார். வாசலை நெருங்கும்போது, சொல்லாமல் இருப்பதே பக்குவம் என்று முடிவுக்கு வந்தார்.

அன்றே பேத்தி முதல் பெஞ்சுக்கு வந்துவிட்டாள். மாலையில் வீட்டுக்கு வந்தவள் பையைச் சோபாவில் எறிந்துவிட்டு, தாத்தாவின் எதிரில் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"எனக்குக் கண்ணு தெரியாதா தாத்தா?"

"யாரு சொன்னா?"

"எல்லாரும்."

விஷயம் மெதுவாக வெளியே வந்தது. முதல் பெஞ்சோடு அவளுக்குப் பெரிய எழுத்தில் அச்சடித்த பாடத்தாள், கட்டை விரல் தடிமனுக்கு ஒரு கறுப்புப் பேனா எல்லாம் கொடுத்திருக்கிறார்கள். துணைக்கு ஒரு ஆளும் போட்டிருக்கிறார்கள். துணை வேறு யாருமில்லை, கேப்டன். மேசைகளை நகர்த்தி வழி செய்துகொண்டு, நாற்காலியோடு முதல் வரிசைக்கே வந்துவிட்டாளாம். பலகையில் இருப்பதை ஒரு வார்த்தை விடாமல் இவள் காதில் படிக்கிறாளாம். தண்ணீர் குடிக்கப் போனால் கையைப் பிடித்துக்கொண்டு, "முன்னாடி தூண் இருக்கு, பாத்து" என்கிறாளாம். எனக்கு நன்றாகத் தெரிகிறது என்று இவள் சொன்னால், எவ்வளவு தைரியமான பெண் என்று வகுப்பே கைதட்டுகிறதாம்.

பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். முதல் பெஞ்சிலிருந்து பலகை எப்படித் தெரிகிறது என்று கேட்டார்.

"கடைசி பெஞ்ச்லேருந்து தெரிஞ்ச மாதிரியேதான் தெரியுது."

இதை வளரவிடக் கூடாது என்று பெரியவருக்குப் பட்டது. ஆசிரியையிடம் போய் வார்த்தையைத் திருப்பி வாங்குவது கௌரவக் குறைவு. அதைவிட அந்தத் துணைப்பெண்ணிடம் இதமாக நாலு வார்த்தை சொல்லி, கையைப் பிடிப்பதை மட்டுமாவது நிறுத்திவிட்டால் மீதி தானாக அடங்கிவிடும். மறுநாள் பள்ளி விடும் நேரத்துக்குப் போய் வாசலில் நின்றார். கேப்டன் சறுக்குப் பாதையில் யாரும் பிடிக்காமல் வேகமாக இறங்கி வந்து, அவர் செருப்புக்கு ஒரு விரல்கடை தள்ளி நாற்காலியை நிறுத்தினாள். ஒல்லியான பெண். குரல் மட்டும் ஒலிபெருக்கி.

"நீங்கதானே அவளோட தாத்தா? அவளைப் பத்தி நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. நான் பாத்துக்கறேன்."

அதைப் பற்றித்தான் பேச வந்தேன் பாப்பா, அவளுக்கு அவ்வளவு உதவி தேவைப்படாது என்று ஆரம்பித்தார் பெரியவர். கேப்டனின் முகம் சுருங்கியது.

"இத்தனை நாளா எல்லாரும் எனக்கு உதவி பண்ணிக்கிட்டே இருந்தாங்க தாத்தா. பை தூக்கறது, கதவு திறக்கறது, பென்சில் எடுத்துக் குடுக்கறது. நான் யாருக்கு என்ன பண்றதுன்னு யாருமே சொல்லல. இப்பத்தான் எனக்குன்னு ஒரு ஆள் கிடைச்சிருக்கா. அதையும் பிடுங்கறீங்களா?"

அச்சகத்து முதலாளியையே எதிர்த்து ஒற்றுப் பிழைக்காகச் சண்டை போட்டவர் பெரியவர். அந்தப் பெண்ணின் முன்னால் அந்தத் துணிச்சல் எங்கே போனதோ. பேத்திக்குக் கண் நன்றாகத் தெரியும் என்று சொல்ல வாய் வரவில்லை. தெரியவே தெரியாது என்று சொல்லவும் முடியாது. இரண்டுக்கும் நடுவே ஒரு இடத்தைப் பிடித்தார்.

"அப்படி இல்ல பாப்பா. சில நேரம் தெரியும். சில நேரம் தெரியாது. அவ்வளவுதான்."

கேப்டன் தீவிரமாகத் தலையாட்டினாள். இதை ஆசிரியைக்குத் தெரிவிக்க வேண்டியது தன் கடமை என்று சொல்லிவிட்டு, நாற்காலியைத் திருப்பிக்கொண்டு சறுக்குப் பாதையில் மேலே ஏறினாள்.

சில நேரம் தெரியும், சில நேரம் தெரியாது என்பது ஒரேயடியாகத் தெரியாததைவிட ஆபத்து என்று ஆசிரியை நினைத்திருக்க வேண்டும். அந்த வாரக் கடைசியில், மருமகள் வேலைக்குப் போயிருந்த நேரம், வாசலில் சத்தம் கேட்டுப் பெரியவர் கதவைத் திறந்தார். வகுப்பே நின்றது. முன்னால் கேப்டன். வழக்கமாகப் பூங்காவைக் கூட்டுவோம், இந்த வாரம் எங்கள் தோழிக்கு வீட்டில் ஆபத்தில்லாமல் செய்ய வந்திருக்கிறோம் என்றாள் அவள். பின்னால் நின்ற ஆசிரியை பெரியவரைப் பார்த்துக் கனிவாகச் சிரித்தார். அவர் சிரித்தது பெரியவருக்கு அருகில் போனபிறகுதான் தெரிந்தது, அதற்குள் பாதிப் பிள்ளைகள் உள்ளே நுழைந்துவிட்டார்கள்.

விருந்தாளிகளைத் திருப்பி அனுப்பும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. பெரியவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி தன் வீட்டைத் தானே பார்த்துக்கொண்டிருந்தார். வாசல் படியில் மஞ்சள் நாடா ஒட்டினார்கள். சமையலறைப் படியிலும் மஞ்சள். வழியில் கிடந்த முக்காலி மூலைக்குப் போனது. உப்பு டப்பாவில் உப்பு என்றும் சர்க்கரை டப்பாவில் சர்க்கரை என்றும் உள்ளங்கை அளவு பெரிய எழுத்தில் ஒட்டினார்கள். குளியலறைக் கதவில் குளியலறை. யாரோ ஒரு வாண்டு, பெரியவர் உட்கார்ந்திருந்த நாற்காலியின் முதுகில் தாத்தா என்று ஒட்டிவிட்டுப் போனது. இருந்த இடத்திலிருந்தே உப்பு எது சர்க்கரை எது என்று படிக்க முடிந்தது. வீட்டுக்கு வந்த அவமானம் அவ்வளவு பெரிய எழுத்தில் இருந்தது.

பேத்தி இதற்குள் எதிர்ப்பதை விட்டுவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு கேப்டனின் நாற்காலியைப் பிடித்தபடி வீடு முழுக்கச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தாள். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மாலையில் மருமகள் தெருமுனையில் திரும்பும்போதே எதிர்வீட்டு ரயில்வேக்காரர் அவளைப் பிடித்துக்கொண்டார். ஓய்வுபெற்ற மனிதர். அந்த வீட்டின் மேல் அவருக்குப் பழைய வருத்தம் ஒன்று உண்டு. தினமும் காலையில் தன் வாசலிலிருந்து பெரியவரைப் பார்த்துக் கையை உயர்த்துவார், பெரியவர் ஒரு நாளும் திருப்பி உயர்த்தியதில்லை. இன்று அவருக்கு ஆறுதல் சொல்ல ஒரு சந்தர்ப்பம் கிடைத்திருந்தது. சொல்ல வேண்டியதற்குக் கொஞ்சம் அதிகமாகவே சொன்னார்.

மருமகள் உள்ளே வந்து மஞ்சள் படியைப் பார்த்தாள். உப்பைப் பார்த்தாள். மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, விளக்கு வெளிச்சத்துக்குத் திருப்பி, இது எத்தனை, அது எத்தனை என்று விரல்களைக் காட்டினாள். மகள் எல்லாவற்றையும் சரியாகச் சொன்னாள். பிறகுதான் மருமகள் கீழே உட்கார்ந்தாள். கைப்பையைத் தோளிலிருந்து எடுக்கக்கூட இல்லை.

"மாமா, என் பொண்ணுக்குக் கண்ணு தெரியலைன்னு எதிர்வீட்டுக்காரர் சொல்லி நான் தெரிஞ்சிக்கணுமா?"

"நான் தெரியலைன்னு சொல்லலம்மா. இருக்கலாம்னுதான் சொன்னேன்."

"அங்கேருந்து இங்க வர்றதுக்குள்ள எனக்கு உயிர் போயிட்டு வந்துது. வழியிலேயே உங்க பிள்ளைக்குப் போன் போட்டு அழுதுட்டேன். அவர் லீவு போட்டுட்டு வரேங்கிறார்."

அந்த மருமகள் வந்த நாளிலிருந்து அவரிடம் குரலை உயர்த்தியதில்லை. இப்போதும் உயர்த்தவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. அவளுக்குத் தண்ணீர் கொண்டு வந்து கொடுக்கலாம் என்று சமையலறைக்குப் போனார். அந்தப் படியில் அவர் கால் இடித்துக்கொள்ளாத நாள் கிடையாது. அன்று இடிக்கவில்லை. மனம் இருந்த நிலையில் அதையெல்லாம் யார் கவனித்தது?

பேத்தி நடந்ததையெல்லாம் சொல்லி முடித்தபின், ஒரு பெஞ்சுக்காக இவ்வளவா மாமா என்று மருமகள் கேட்டாள். பெரியவர் தம்ளரைக் கொடுத்துவிட்டு, நின்றபடியே, அவளிடம் அதுவரை சொல்லாத சிலவற்றைச் சொன்னார். அப்பாவிடம் சொத்து எதுவும் இல்லை. அவர் விட்டுப்போனது ஒரு நிமிர்ந்த முதுகும், பள்ளிக்கூடத்தில் அந்த இடமும்தான். தான் வாழ்க்கையில் பெரிதாக எதையும் சாதிக்கவில்லை. அடுத்தவர் எழுதியதில் பிழை திருத்தியே காலம் போயிற்று. ஆனால் ஓர் ஆசிரியர், கேட்காமலே, எல்லார் முன்னாலும் தோளில் கை போட்டு அழைத்துப்போய், இதுதான் உன் இடம் என்று ஒரு முறை சொன்னார். அதைப் பேத்திக்குக் கொடுக்க நினைத்தேன், வேறு கொடுக்க என்னிடம் என்ன இருக்கிறது என்றார்.

மருமகள் கைப்பையைத் தோளிலிருந்து இறக்கி வைத்தாள். கோபம் போகவில்லை, ஆனால் தண்ணீரைக் குடித்தாள். புருஷனுக்கு மறுபடி போன் போட்டு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, திங்கட்கிழமை நீங்களே வந்து டீச்சரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும் என்றாள். பெரியவர் சம்மதித்தார்.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் திங்கட்கிழமை காலை வாசலில் இறங்கும்போது ரயில்வேக்காரர் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். மனதைத் தளரவிடாதீர்கள், இப்போது எல்லாவற்றுக்கும் வைத்தியம் இருக்கிறது என்றவர், போகிற போக்கில் ஒன்றைச் சேர்த்தார்.

"உங்க பையனும் சின்ன வயசுலேருந்து சோடாபுட்டிதானே? பரம்பரையா வர்றதுதான் சார். நாம என்ன பண்ண முடியும்?"

பரம்பரை. அந்த வார்த்தை பெரியவருக்குள் போய் எங்கேயோ குத்தியது. அவர் கையை உருவிக்கொண்டார். உண்மையைச் சொல்லிவிட்டால் மட்டும் போதாது. உண்மை நிரூபணமாக வேண்டும், அதுவும் நாலு பேர் பார்க்க.

அவர் விரும்பியதுபோலவே பள்ளிக்கூடக் கூடத்தில் நாலு பேருக்கு மேலேயே இருந்தார்கள். ஆசிரியை அன்று ஒரு கண் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்திருந்தார். ஒரு குழந்தையை மட்டும் தனியாகக் கூப்பிட்டால் அதன் மனம் வாடும் என்று, எல்லாக் குழந்தைகளும் வரிசையில் நிற்க வேண்டும், பெற்றோரும் அக்கம்பக்கத்தாரும் விரும்பினால் வரலாம் என்று சொல்லியிருந்தார். பேரனைக் கூட்டிக்கொண்டு ரயில்வேக்காரரும் வந்திருந்தார். கழுத்து வரை பொத்தான் போட்ட ஓர் இளைஞன் லென்ஸ் பெட்டியோடு உட்கார்ந்திருந்தான். பொத்தானைப் பார்த்ததும் பெரியவருக்கு அவன் மேல் நம்பிக்கை வந்தது.

பேத்தி எழுத்து அட்டையை மேலிருந்து கீழ்வரை படித்தாள். கடைசி வரியையும் படித்தாள். அதற்கும் கீழே மூலையில், அட்டையை அச்சடித்த கம்பெனியின் பெயரையும் சேர்த்துப் படித்துவிட்டு இறங்கினாள்.

"கழுகுக் கண்ணு" என்றான் இளைஞன்.

பெரியவர் ஆசிரியையிடம் போனார். தான் சொன்ன வார்த்தை தவறு, அது பெஞ்சுக்காகச் சொன்னது, குழந்தை மேல் குற்றமில்லை என்று, ஒரு சொல்லையும் விழுங்காமல் சொன்னார். ஆசிரியை கோபித்துக்கொள்ளவில்லை. மருமகள் பக்கத்தில் நின்று தரையைப் பார்த்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த கேப்டன்தான் பேசினாள்.

"அப்ப எனக்கு ஆள் இல்லையா?"

பேத்தி ஓடிப்போய் அவள் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, எனக்குக் கணக்கு வராது, அதைச் சொல்லிக்கொடேன் என்று ஏதோ சமாதானம் சொன்னாள். கேப்டன் தலையைத் திருப்பிக்கொண்டாள். கணக்குச் சொல்லிக்கொடுப்பதும் கையைப் பிடித்து நடத்துவதும் ஒன்றாகுமா?

பெரியவருக்குக் கழுத்துப் பொத்தான் இறுக்கியது. இந்தப் பெண்ணுக்குத் தான் செய்ததை எப்படி ஈடு செய்வது என்று தெரியவில்லை. தெரிந்த ஒரே காரியத்தையாவது முடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று, இளைஞனுக்கு எதிரே இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

"எனக்கும் பாருங்க தம்பி. கண்ணாடி போடாமயே பேப்பர் படிக்கிற கண்ணு இது. எங்க வழியில கண்ணு எப்படின்னு எல்லாரும் பாத்துக்கட்டும்." கடைசி வாக்கியத்தை அவர் ரயில்வேக்காரர் இருந்த திசையில் சொன்னார். ரயில்வேக்காரர் வேறு திசையில் நின்றிருந்தார்.

இளைஞன் சுவரில் இருந்த அட்டையைக் காட்டி, மேல் வரியைப் படிக்கச் சொன்னான். பெரியவர் பார்த்தார்.

"அச்சு கலைஞ்சிருக்கு" என்றார். "மை அதிகமாப் போட்டுட்டாங்க. எங்க அச்சகத்துல இதை வெளியவே விட மாட்டோம்."

பரவாயில்லை, எல்லாவற்றிலும் பெரிய எழுத்தை மட்டும் சொல்லுங்கள் என்றான் இளைஞன். எந்த எழுத்து என்று கேட்டார் பெரியவர். ரயில்வேக்காரர் இருமினார். மருமகள் தரையிலிருந்து பார்வையை எடுத்து மாமனாரைப் பார்த்தாள்.

இளைஞன் வேறெதுவும் கேட்கவில்லை. கனமான வட்டச் சட்டம் ஒன்றை அவர் மூக்கில் மாட்டி, பெட்டியிலிருந்து ஒரு லென்ஸை எடுத்துப் பொருத்தினான். அதை எடுத்துவிட்டு இன்னொன்று. அதன்மேல் மற்றொன்று. பெரியவர் தலையை நிமிர்த்தி எதிரே பார்த்தார்.

கூடத்தின் அந்தக் கோடியில் ஒரு கரும்பலகை இருந்தது. அதில் ஆசிரியை எழுதிய வரவேற்பு வரிகள் இருந்தன. ஒவ்வொரு எழுத்தும் முத்து. சுழி சுழியாக, கொம்பு கொம்பாக. சாக்பீஸ் தூள் மடியில் உதிரும் தூரத்திலிருந்து மட்டுமே அவர் அப்படிப்பட்ட எழுத்தைப் பார்த்திருந்தார். பலகைக்குப் பக்கத்தில் ரயில்வேக்காரர் நின்றிருந்தார். அவர் முகத்தில் கேலி இருக்கும் என்று நினைத்தார் பெரியவர். அது இல்லை. பழக்க தோஷத்தில் அந்த மனிதர் கையை உயர்த்தினார். பெரியவரின் கை தானாக எழுந்தது.

பின்னால் சக்கர நாற்காலி உருளும் சத்தம் கேட்டது. அது நேராக வந்து அவர் பக்கத்தில் நின்றது. ஒரு சின்னக் கை அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டது.

"பயப்படாதீங்க ஐயா, கண்ணாடி போட்டா சரியாயிடும்" என்றான் இளைஞன், லென்ஸைத் துணியில் துடைத்துக்கொண்டே. "இந்தக் கிட்டப்பார்வை உங்களுக்குச் சின்ன வயசுலேருந்தே இருக்கு. ஏன், பள்ளிக்கூடத்துல உங்களை எப்பவும் முதல் பெஞ்சுலயே உக்கார வச்சிருப்பாங்களே?"